7 மெகாஹெர்ட்ஸ் ரிசீவருக்கு நழுவாத விஎஃப்ஓ: நானோவும் எஸ்ஐ5351-உம் வைத்துச் செய்வது

கேட்டது இது. எஸ்ஏ612 மிக்சர் ஐசி வைத்து 40 மீட்டர் அமெச்சூர் பேண்டுக்கு (7 மெகாஹெர்ட்ஸ்) ஒரு டைரக்ட் கன்வர்ஷன் ரிசீவர், அதாவது வரும் அலையை நேராக ஆடியோவாக மாற்றும் ரிசீவர், கட்டியிருக்கிறீர்கள். அதன் ஆசிலேட்டர் காயிலும் பாலிவேரிகான் கேங்கும் கொண்டது. பத்து நிமிடத்துக்குள் பேசுகிறவரின் குரல் மாறிவிடுகிறது, திரும்பத் திரும்ப நாபைத் திருகிப் பிடிக்க வேண்டியிருக்கிறது. கையில் ஒரு ஆர்டுயினோ நானோ (சின்ன மைக்ரோகன்ட்ரோலர் போர்டு) இருக்கிறது. அதிர்வெண் உருவாக்கும் சிப்புகளில் ஏடி9850 வாங்குவதா, எஸ்ஐ5351 வாங்குவதா, அதைக் கொண்டு ஒரு நல்ல விஎஃப்ஓ (அதிர்வெண்ணை விருப்பப்படி மாற்றக்கூடிய ஆசிலேட்டர்) எப்படிச் செய்வது என்பது உங்கள் கேள்வி.

எஸ்ஐ5351 வாங்குங்கள். காரணத்தைச் சொல்வதற்கு முன் ஒன்று: நழுவுவது உங்கள் கைவேலையின் குறை இல்லை. 7 மெகாஹெர்ட்ஸில் 100 ஹெர்ட்ஸ் என்பது வெறும் 14 பிபிஎம், அதாவது பத்து லட்சத்தில் 14 பங்கு. சூட்டுக்கு அதிகம் மாறாத நல்ல என்பி0 கெபாசிட்டரே ஒரு டிகிரி சூட்டுக்கு 30 பிபிஎம் வரை மாறலாம். கெபாசிட்டர் மாறும் அளவில் பாதி அதிர்வெண்ணில் தெரியும், ஆக 15 பிபிஎம். பெட்டிக்குள் ஒரே ஒரு டிகிரி ஏறினால் போதும், 100 ஹெர்ட்ஸ் போய்விட்டது. காயிலின் கணக்கை இன்னும் சேர்க்கவே இல்லை. அந்தக் காலத்தில் பெரியவர்கள் கனமான அலுமினியப் பெட்டிக்குள், மெழுகு ஊற்றி அசையாமல் வைத்த காயிலோடு, அரை மணி நேரம் சூடாக விட்டுவிட்டுத்தான் பேசவே உட்கார்வார்கள். அது பெரிய கலை. ஆனால் இன்று ஒரு கிரிஸ்டல் அந்த வேலையைச் செய்கிறது.

ஏடி9850 மோசமான சிப் அல்ல. 125 மெகாஹெர்ட்ஸ் கடிகாரத்தை வைத்துக்கொண்டு, 32 பிட் எண் ஒன்றைக் கூட்டிக்கொண்டே போய், சைன் அலையைப் புள்ளி புள்ளியாக வரைகிறது. ஒரு படி 0.03 ஹெர்ட்ஸுக்கும் குறைவு. சைன் அலையே கிடைப்பது அழகுதான். ஆனால் 5 வோல்ட்டில் முழு வேகத்தில் ஓடும்போது 380 மில்லிவாட் தின்னும், விரலை வைத்தால் சுடும். விஎஃப்ஓவுக்குக் கிடைப்பதும் ஒரு அதிர்வெண்தான். எஸ்ஐ5351 அரிசி மணி அளவு சிப், மூன்று அவுட்புட், விலையும் மிகக் குறைவு. நாளைக்கு நீங்கள் சூப்பர்ஹெட் (அலையை முதலில் ஒரு இடை அதிர்வெண்ணுக்கு மாற்றும் ரிசீவர்) கட்டினால் விஎஃப்ஓ, பிஎஃப்ஓ (இடை அதிர்வெண்ணிலிருந்து குரலை மீட்கும் ஆசிலேட்டர்) இரண்டையும் இதே சிப் தரும். ஐதராபாத்தின் அஷ்ஹர் ஃபர்ஹான் வடிவமைத்து 2016-இல் வந்த பிட்எக்ஸ்40, அடுத்த ஆண்டு வந்த மைக்ரோபிட்எக்ஸ் என்ற டிரான்சீவர் கிட்கள் இரண்டிலும் நானோவும் இந்தச் சிப்பும்தான். அதனால் இதைப் பற்றி நம் ஊரில் யாரிடம் கேட்டாலும் பதில் கிடைக்கும்.

சரி, உள்ளே என்ன நடக்கிறது? போர்டில் 25 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டல் ஒன்று இருக்கும். சிப்புக்குள் இருக்கும் பிஎல்எல் என்ற சர்க்யூட் அதை ஏதோ ஒரு எண்ணால் பெருக்கி 600 முதல் 900 மெகாஹெர்ட்ஸுக்குள் ஒரு விசிஓவை (வோல்ட்டேஜால் கட்டுப்படும் ஆசிலேட்டர்) ஓட்டும். பிறகு ஒரு வகுப்பான் அதை வகுத்து உங்களுக்கு வேண்டிய அதிர்வெண்ணைத் தரும். பெருக்கும் எண், வகுக்கும் எண் இரண்டுமே பின்னமாக இருக்கலாம். இங்கேதான் பலர் லைப்ரரியின் (பிறர் எழுதிவைத்த ஆயத்தக் கோடு) போக்குக்கு விட்டுவிடுகிறார்கள். நான் விடமாட்டேன். வகுக்கும் எண்ணை இரட்டைப்படை முழு எண்ணாக ஒரே இடத்தில் நிறுத்திவிட்டு, டியூனிங் முழுவதையும் பெருக்கும் எண்ணில் மட்டும் செய்ய வேண்டும். முழு எண்ணால் வகுக்கும்போது அலையின் விளிம்பு நடுங்குவது குறைகிறது. ரிசீவரில் அது சுத்தமான குரலாகக் கேட்கும்.

உங்கள் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். இந்தியாவில் 40 மீட்டர் 7.000 முதல் 7.200 மெகாஹெர்ட்ஸ் வரை. 900-ஐ 7.1-ஆல் வகுத்தால் 126 சொச்சம் வரும். உடனே 126 என்று வைத்துவிடத் தோன்றும். வைத்தால் 7.142-க்கு மேல் விசிஓ 900-ஐத் தாண்டிவிடும், பாதி பேண்டில் வகுப்பானை மாற்ற வேண்டி வரும், மாற்றும் இடத்தில் ஒரு 'டக்' கேட்கும். 124 வையுங்கள். 7.0-இல் விசிஓ 868, 7.2-இல் 892.8. முழு பேண்டும் ஒரே வகுப்பானில் அடங்கிவிட்டது. இப்போது 7.1 வேண்டுமென்றால் விசிஓ 880.4 மெகாஹெர்ட்ஸ், அதை 25-ஆல் வகுத்தால் 35.216. இதில் 35 முழுப்பகுதி. 0.216-ஐ 1048575 என்ற கீழ் எண்ணோடு பின்னமாக எழுதினால் மேல் எண் 226492. அவ்வளவுதான், சிப்புக்கு அனுப்ப வேண்டியது இந்த மூன்று எண்கள். மேல் எண் ஒன்று கூடினால் விசிஓ சுமார் 23.84 ஹெர்ட்ஸ் நகரும், 124-ஆல் வகுத்தபின் வெளியே 0.19 ஹெர்ட்ஸ். காதுக்கு இது தொடர்ச்சியான டியூனிங்தான்.

ஜேசன் மில்ட்ரம் எழுதிய ஈதர்கிட் லைப்ரரியைப் பயன்படுத்துவதானால் அதில் 'செட் ஃப்ரீக் மேனுவல்' என்ற ஃபங்ஷன் இருக்கிறது. அதிர்வெண்ணோடு பிஎல்எல் அதிர்வெண்ணையும் நீங்களே கொடுக்கலாம், மேலே சொன்ன 124-ஐ அப்படித்தான் திணிக்க முடியும். அந்த லைப்ரரி அதிர்வெண்ணை ஹெர்ட்ஸில் கேட்பதில்லை, நூறில் ஒரு பங்கு ஹெர்ட்ஸில் கேட்கும். 7.1 மெகாஹெர்ட்ஸுக்கு 71 எழுதி ஏழு பூஜ்யம் போட வேண்டும். முதல் தடவை எழுதுகிறவர்கள் இரண்டு பூஜ்யத்தை விட்டுவிட்டு, அவுட்புட் வரவில்லை என்று போர்டைச் சந்தேகப்படுவார்கள்.

கோடில் இன்னொரு பள்ளம் இருக்கிறது. நானோவில் 'இன்ட்' என்பது 16 பிட், அதிகபட்சம் 32767. 7100-ஐ 1000-ஆல் பெருக்கச் சொன்னால் அது பேசாமல் தப்பான விடையைக் கொடுத்துவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடும். அதிர்வெண் எல்லாவற்றுக்கும் 32 பிட் அன்சைன்ட் லாங் வையுங்கள். அந்த மேல் எண்ணைக் கணக்கிடும் ஒரு இடத்தில் மட்டும் 64 பிட் வேண்டும், ஏனென்றால் மீதியை 1048575-ஆல் பெருக்கும்போது 32 பிட் நிரம்பி வழிந்துவிடும். 'டபுள்' போட்டால் தீரும் என்று நினைக்காதீர்கள். நானோவின் கம்பைலருக்கு டபுளும் ஃப்ளோட்டும் ஒன்றுதான், ஏழு இலக்கத்துக்கு மேல் நம்ப முடியாது.

வயரிங் சிறியது. நானோவின் ஏ4, ஏ5 இரண்டும் ஐ2சி கம்பிகள், அதாவது சிப்புகள் தகவல் பரிமாறும் இரண்டு கம்பிகள். எஸ்ஐ5351-உம் சின்ன ஓஎல்ஈடி டிஸ்ப்ளேயும் அதே இரண்டு கம்பியில் தொங்கும். ஒன்றின் முகவரி ஹெக்ஸில் 60, மற்றதன் முகவரி பொதுவாக 3சி, சண்டை வராது. ரோட்டரி என்கோடரின் இரண்டு கால் டி2, டி3-க்கு, அதன் அழுத்தும் ஸ்விட்ச் டி4-க்கு. கவனிக்க வேண்டியது வோல்ட்டேஜ். எஸ்ஐ5351 3.3 வோல்ட் சிப், அதன் ஐ2சி கால்கள் 3.8 வோல்ட்டுக்கு மேல் தாங்காது. நானோ 5 வோல்ட். லெவல் ஷிஃப்டரும் (5 வோல்ட் சிக்னலை 3.3-க்குப் பொருத்துவது) ரெகுலேட்டரும் போர்டிலேயே உள்ள மாட்யூலாகப் பார்த்து வாங்குங்கள். முதுகில் ஐ2சி போர்டு ஒட்டிய 16x2 எல்சிடி போடுகிறீர்கள் என்றால், அந்தப் போர்டு கம்பிகளை 5 வோல்ட்டுக்கு இழுத்துப் பிடிக்கும். லெவல் ஷிஃப்டர் இல்லாத மாட்யூலோடு அதைச் சேர்க்கவே கூடாது.

போர்டு கைக்கு வந்ததும் லென்ஸ் வைத்து கிரிஸ்டல் மேல் எழுதியிருப்பதைப் படியுங்கள். எனக்கு வந்த ஒரு மாட்யூலில் 7.100 என்று வைத்தால் 7.668-இல் கேட்டது. இரண்டு நாள் கோடைக் குடைந்தேன். பிறகு 7.668-ஐ 7.1-ஆல் வகுத்துப் பார்த்தேன்: 1.08. 27-ஐ 25-ஆல் வகுத்தாலும் 1.08. விளம்பரத்தில் 25 மெகாஹெர்ட்ஸ் என்று இருந்த போர்டில் 27 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டல் உட்கார்ந்திருந்தது. சிப் இரண்டையும் ஏற்கும், கோடில் ஒரு எண்ணை மாற்றியதும் சரியாகிவிட்டது. அதிர்வெண் பெரிதாகத் தப்பும்போது வித்தியாசத்தைப் பார்க்காமல் விகிதத்தைப் பாருங்கள்.

எஸ்ஏ612-க்கு எப்படிக் கொடுப்பது? பழைய காயிலையும் கேங்கையும் கழற்றிவிடுங்கள். 7-ஆவது காலைச் சும்மா விட்டு, 6-ஆவது காலில் 10 நானோஃபேரட் கெபாசிட்டர் வழியாகக் கொடுக்க வேண்டும். எஸ்ஐ5351 தருவது கிட்டத்தட்ட 3.3 வோல்ட் சதுர அலை, எஸ்ஏ612-க்கு 200 முதல் 300 மில்லிவோல்ட் போதும். 1 கிலோஓம் தொடரில், 100 ஓம் கிரவுண்டுக்கு வைத்தால் 300 மில்லிவோல்ட்டாக இறங்கும். அப்படியே நேராகக் கொடுத்தால் மிக்சர் திணறும்.

இப்போது எல்லாம் ஓடும், 7.100.00 என்று டிஸ்ப்ளே மின்னும், ஹெட்ஃபோனைப் போட்டால் ஒரே இரைச்சல். இந்தக் கட்டத்தில்தான் பாதிப் பேர் "டிஜிட்டல் விஎஃப்ஓ சத்தம் போடும், பழையதே மேல்" என்று விட்டுவிடுகிறார்கள். இங்கே பொறுமையாக உட்கார வேண்டும்.

டைரக்ட் கன்வர்ஷன் ரிசீவரில் பெருக்கம் முழுக்க ஆடியோவில்தான், 100 டெசிபெல் அளவுக்குப் பெருக்குவார்கள். ஆடியோ வேகத்தில் எது துடித்தாலும் அது உங்கள் காதுக்கு வந்துசேரும். என் முதல் கோடில் லூப் ஒவ்வொரு தடவை சுற்றும்போதும் டிஸ்ப்ளேயை எழுதிக்கொண்டிருந்தது. ஹெட்ஃபோனில் தையல் மெஷின் ஓடுகிற மாதிரி 'டர்ர்ர்' என்று ஒரு சத்தம். சப்ளையில் கெபாசிட்டர் மேல் கெபாசிட்டராக வைத்தேன், குறையவில்லை. ஓஎல்ஈடியின் ஐ2சி கம்பிகளை உருவியதும் சத்தம் நின்றது. அப்புறம் கோடை மாற்றினேன்: அதிர்வெண் மாறினால் மட்டும் சிப்புக்கு எழுது, மாறினால் மட்டும் டிஸ்ப்ளேக்கு எழுது, மாறிய இலக்கத்தை மட்டும் எழுது. திருகாமல் கேட்டுக்கொண்டிருக்கும்போது அந்த இரண்டு கம்பியிலும் ஒரு பிட் கூட ஓடக்கூடாது. 'டர்ர்ர்' அன்றோடு போயிற்று. திருகும்போது மட்டும் மெல்லிய 'டிக்' வரும். அதற்கு வழி, ஒவ்வொரு படிக்கும் பிஎல்எல்லை ரீசெட் செய்யாமல் இருப்பது. பல உதாரணக் கோடுகளில் 177-ஆவது ரெஜிஸ்டருக்கு எழுதும் வரி ஒவ்வொரு மாற்றத்திலும் இருக்கும். வகுப்பான் மாறாதவரை அது தேவையில்லை. ஆரம்பத்தில் ஒரு தடவை போதும். 124-ஐ அசைக்காமல் நிறுத்தியதன் பலன் இங்கேயும் கிடைக்கிறது.

ஓஎல்ஈடிக்குள் வோல்ட்டேஜை ஏற்றும் சின்ன சார்ஜ் பம்ப் ஒன்று ஓடுகிறது, அதுவும் தன் பங்குக்குக் கொஞ்சம் இரைச்சல் போடும். எனக்கு ரிசீவர் வேலைக்கு பழைய 16x2 எல்சிடிதான் பிடிக்கும், அமைதியானது. சப்ளைக்கு மொபைல் சார்ஜர் வேண்டாம், அதன் ஸ்விட்சிங் இரைச்சல் 40 மீட்டரில் வந்து உட்காரும். 12 வோல்ட் பேட்டரி, 7805 ரெகுலேட்டர், நானோவுக்குப் போகும் கம்பியில் ஒரு சின்னச் சோக். நானோ, சிப், டிஸ்ப்ளே மூன்றையும் காப்பர் கிளாட் போர்டை வெட்டி ஈயம் வைத்துச் செய்த பெட்டிக்குள் வைத்து, அவுட்புட்டை மெல்லிய கோஆக்ஸில் வெளியே எடுங்கள். பிரெட்போர்டில் வைத்துச் சோதித்துவிட்டு இரைச்சலைப் பற்றி முடிவுக்கு வராதீர்கள். பெட்டிக்குள் போனபின் வேறு ரிசீவர் போல இருக்கும்.

என்கோடரைப் பற்றிக் கொஞ்சம். கடையில் கிடைக்கும் மெக்கானிக்கல் என்கோடர் ஒரு சுற்றுக்கு 20 'கிளிக்'. படி 10 ஹெர்ட்ஸ் என்றால் ஒரு சுற்றுக்கு 200 ஹெர்ட்ஸ், பேண்டின் ஒரு முனையிலிருந்து மறு முனைக்கு ஆயிரம் சுற்று. அதனால் நாபை அழுத்தினால் படி 10, 100, 1000 ஹெர்ட்ஸ் என்று மாறும்படி வையுங்கள். அதன் உள்ளே இருப்பது இரண்டு ஸ்விட்ச், சேரும்போது துள்ளும். ஒவ்வொரு காலிலும் 10 கிலோஓம் புல்அப்பும் 10 நானோஃபேரட்டும் வையுங்கள். கோடில் வெறுமனே ஒரு காலின் இறக்கத்தை மட்டும் பார்க்காமல், 00, 01, 11, 10 என்ற வரிசையை முழுதாகப் பின்தொடர்ந்தால் துள்ளல் தானாகவே விலகிவிடும். கடைசியாக இருந்த அதிர்வெண்ணை ஈப்ராமில் சேமிக்க ஆசை வரும். நல்லதுதான், ஆனால் ஒவ்வொரு கிளிக்குக்கும் எழுதாதீர்கள், அந்த நினைவகத்துக்கு உத்தரவாதம் 1,00,000 தடவைதான். நாபைத் தொட்டு ஐந்து விநாடி ஆனபின் ஒரே தடவை எழுதினால் ஆயுளுக்கும் வரும்.

அடுத்தது அளவு திருத்தம். மலிவான கிரிஸ்டல் 20 பிபிஎம் தள்ளி இருந்தாலே 7 மெகாஹெர்ட்ஸில் 140 ஹெர்ட்ஸ் பிழை. கவுண்டர் இல்லாமலே இதைத் திருத்தலாம். ஷார்ட்வேவ் ரேடியோ ஒன்றில் 10 மெகாஹெர்ட்ஸில் சீனாவின் நேரக்குறி நிலையமான BPM-ஐப் பிடியுங்கள் (இது நிலையத்தின் பெயர், பத்து லட்சத்தில் பங்கு என்ற பிபிஎம் அல்ல), விநாடிக்கு ஒரு 'டிக்' கேட்கும். நம் பக்கத்தில் இரவில் கிடைக்க வாய்ப்பு அதிகம். உங்கள் விஎஃப்ஓவை 10 மெகாஹெர்ட்ஸில் வைத்து (இதற்கு வகுப்பான் 90 ஆகட்டும்), அவுட்புட்டில் ஒரு சாண் கம்பியைச் செருகி ரேடியோ அருகே வையுங்கள். இரண்டும் சேர்ந்து ஒரு விசில் கேட்கும். விசிலின் சுருதிதான் உங்கள் பிழை. ஒரு ஹெர்ட்ஸ் ஒரு ஹெர்ட்ஸாக நகர்த்தினால் சுருதி இறங்கிக்கொண்டே போய், காதுக்குக் கேட்காமல் மறையும். அங்கே நிறுத்திவிடாதீர்கள். இப்போது நிலையத்தின் ஒலி அலை அலையாக ஏறி இறங்கும். அது விநாடிக்கு ஒரு தடவை என்றால் பிழை 1 ஹெர்ட்ஸ், 0.1 பிபிஎம். ரேடியோவின் டயல் எவ்வளவு தப்பாக இருந்தாலும் இந்த முறைக்குக் கவலையில்லை, ஏனென்றால் காற்றில் வரும் இரண்டு அலைகளை நேருக்கு நேர் ஒப்பிடுகிறீர்கள்.

சரியாகப் பொருந்தும்போது டிஸ்ப்ளே 9,999,850 காட்டுகிறது என்று வையுங்கள். அப்படியானால் உங்கள் கிரிஸ்டல் 15 பிபிஎம் வேகமாக ஓடுகிறது, 25,000,375 ஹெர்ட்ஸ். கோடில் கிரிஸ்டலின் மதிப்பை அப்படியே மாற்றுங்கள். ஈதர்கிட் லைப்ரரி என்றால் திருத்த எண் 15000, அது நூறு கோடியில் இத்தனை பங்கு என்ற கணக்கில் கேட்கும்.

கிரிஸ்டலும் சூட்டுக்குக் கொஞ்சம் நகரும், காயில் அளவுக்கு இல்லை. என் மேசைக்கு மேலே சீலிங் ஃபேன். பெட்டியின் மூடி திறந்திருந்த ஒரு நாள், ஃபேனைப் போடும்போதெல்லாம் அந்த 10 மெகாஹெர்ட்ஸ் அலையாட்டம் வேகம் மாறுவது காதால் கேட்டது. கட்டைவிரல் நகமளவு தெர்மோகோல் துண்டில் ஒரு குழி தோண்டி கிரிஸ்டல் மேல் கவிழ்த்தேன். ஆட்டம் அடங்கிவிட்டது. பேச்சுக்கும் மோர்ஸுக்கும் இது தாராளம். கணினி வழியாகச் செய்தி அனுப்பும் எஃப்டி8 முறையில் தொனிகளுக்கு இடையே 6.25 ஹெர்ட்ஸ், அதற்கும் போதும். விஸ்பர் (WSPR) என்ற இன்னொரு கணினி முறை மட்டும் கண்டிப்பானது: தொனி இடைவெளி 1.46 ஹெர்ட்ஸ், ஒரு செய்தி போக 110 விநாடிக்கு மேல் ஆகும். அதற்கு டிசிஎக்ஸ்ஓ (சூட்டின் விளைவைத் தானே ஈடுசெய்யும் கிரிஸ்டல் ஆசிலேட்டர்) உள்ள மாட்யூல் வாங்குவது நல்லது.

பின்னால் சூப்பர்ஹெட் கட்டும்போது சிப்பின் மூன்று அவுட்புட்டில் விஎஃப்ஓ சிஎல்கே0-இலும் பிஎஃப்ஓ சிஎல்கே2-இலும் இருக்கட்டும். நடுவிலுள்ள சிஎல்கே1-ஐ அணைத்துவிடுங்கள், ஒன்றின் கசிவு மற்றதில் குறையும். 12 மெகாஹெர்ட்ஸ் ஃபில்டர் வைத்தால் விஎஃப்ஓ 4.8 முதல் 5 மெகாஹெர்ட்ஸ், எல்எஸ்பி (40 மீட்டரில் பேச்சுக்குப் பயன்படும் கீழ் சைட்பேண்ட்) எல்எஸ்பியாகவே இருக்கும். விஎஃப்ஓவை 19 மெகாஹெர்ட்ஸுக்கு மேலே வைத்தால் சைட்பேண்ட் தலைகீழாகும். டிஸ்ப்ளே கணக்கில் 12.000 என்று எழுதிவிடாதீர்கள், உங்கள் ஃபில்டருக்குப் பொருந்திய உண்மையான பிஎஃப்ஓ அதிர்வெண்ணை எழுதுங்கள். இல்லையென்றால் அந்த ஓரிரு கிலோஹெர்ட்ஸ் டயலில் பிழையாக நிற்கும். டயோடு ரிங் மிக்சருக்கு சதுர அலை நன்றாகவே ஒத்துவரும். 8 மில்லிஆம்பியர் அமைப்பில் கிடைப்பது சுமார் 10 டிபிஎம் (1 மில்லிவாட்டோடு ஒப்பிட்ட டெசிபெல் அளவு), மிக்சருக்கு வேண்டியது 7. நடுவே இரண்டு 300 ஓம், ஒரு 18 ஓம் வைத்த பை பேட் (சிக்னலைக் குறைக்கும் ரெசிஸ்டர் அமைப்பு) போட்டால் 3 டெசிபெல் குறைந்து சரியாக உட்காரும்.

லைசென்ஸ் வாங்கியபின் இதே அலையைப் பெருக்கி அனுப்பவும் தோன்றும். சதுர அலையில் ஒற்றைப்படை ஹார்மோனிக் எல்லாம் இருக்கிறது, மூன்றாவது ஹார்மோனிக் அடிப்படையைவிட 9.5 டெசிபெல்தான் கீழே. 7.1-இன் மூன்று மடங்கு 21.3, அது நேராக 15 மீட்டர் பேண்டுக்குள் விழும். லோபாஸ் ஃபில்டர் இல்லாமல் ஆன்டெனாவில் மாட்டவே கூடாது. 40 மீட்டருக்குப் பலரும் கட்டிப் பார்த்த ஃபில்டர் இது: டி37-6 டோராய்டு மூன்று, 21, 24, 21 சுற்று. கெபாசிட்டர் ஓரங்களில் 270 பிகோஃபேரட், நடுவில் இரண்டு 680 பிகோஃபேரட், நான்கும் என்பி0. சுற்றும்போது கம்பி டோராய்டின் ஓட்டைக்குள் நுழைவதை ஒரு சுற்றாக எண்ணுங்கள், வெளியே சுற்றி வருவதை அல்ல.